தாளின் ஓரத்தில் நின்றுவிடும் தெரு: மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரமைப்பு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நீங்கள் எந்த நாட்டில், எந்த நகரத்தில் பணியாற்றினாலும் உங்கள் மேசைக்கு வரும் தாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நடுவில் எண் இட்ட மனைகள், இடையிடையே தெருக்கள், மூலையில் அளவுகோலும் வடக்கு காட்டும் அம்புக்குறியும். எல்லாவற்றையும் சுற்றி ஒரு தடித்த எல்லைக்கோடு. கோட்டுக்கு வெளியே வெறும் வெள்ளை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய வரைபடங்களை வரைந்து, உங்களைப் போன்றவர்களின் கையெழுத்துக்கு அனுப்பியவன் நான். மனையின் முகப்பு அகலம் சரியா, தெருவின் அகலம் விதிப்படி இருக்கிறதா, பூங்காவுக்கு இடம் விட்டாயிற்றா என்றெல்லாம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இந்தத் தெரு எல்லைக்கோட்டைத் தாண்டி எங்கே போகிறது என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியை இனி நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த மனைப்பிரிவு ஒன்றுக்குள் நடந்து போனேன். தாளில் எண்களாக இருந்தவை எல்லாம் வீடுகளாகிவிட்டன. கிழக்கே போகும் கடைசித் தெரு ஒரு மதிலில் போய் முட்டியது. மதிலுக்கு அப்பால் இன்னொரு மனைப்பிரிவு. அங்கிருந்து வரும் தெருவும் அதே இடத்தில், அதே அகலத்தில், அதே நேர்கோட்டில் வந்து மதிலுக்கு மறுபக்கம் நிற்கிறது. நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல். மதிலின் ஒரு மூலையில் மேற்பூச்சு உதிர்ந்து, பல பேர் கைபட்டு வழவழப்பாகிப்போன ஓர் இடம் இருந்தது. அதன் அடியில் ஏறி நிற்க ஒரு கல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பள்ளிச் சிறுமி வந்தாள். முதலில் புத்தகப் பையை அந்தப் பக்கம் எறிந்தாள். அது விழுந்த சத்தம் கேட்டதும் கல்லில் கால் வைத்து, பூச்சு உதிர்ந்த இடத்தைப் பிடித்து ஏறி, மதில்மேல் ஒரு கணம் உட்கார்ந்து சீருடையைச் சரிசெய்துகொண்டு குதித்தாள்.

அவளுடைய பள்ளி அந்தப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. மதில் ஏறாமல் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்துகொள்ளத் தெரு வழியாகவே நடந்து பார்த்தேன். வந்த வழியே நுழைவாயில்வரை திரும்பி, பெருஞ்சாலையில் இறங்கி, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓரமாக நடந்து, அடுத்த மனைப்பிரிவின் வாயிலுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து மதிலின் மறுபக்கம் வந்து சேர எனக்கு 34 நிமிடங்கள் ஆயின. ஒன்பது அங்குலத்தைக் கடக்க 34 நிமிடங்கள்.

அந்த மதில் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். தெருவை எல்லைவரை கொண்டுபோகாமல், கடைசி ஓர் அடியை மட்டும் நில உரிமையாளர் பெயரிலேயே நிறுத்திவைத்து வரையும்படி சொன்னார்கள். ஓர் அடி ஆழம், தெருவின் அகலமே அதன் நீளம். அதில் எதுவும் கட்ட முடியாது. பக்கத்து நிலத்தில் நாளை யாராவது மனை போட்டால், அவர்கள் நம் தெருவில் கால் வைக்க நம்மிடம்தான் வர வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் நிலம் அது. பல நாடுகளில் நிலத்தைப் பிரித்து விற்பவர்களுக்குப் பழகிப்போன உத்திதான். தாளில் அது ஒரு கோட்டை ஒட்டிய இன்னொரு கோடு. ஒப்புதல் தந்தவரின் கண்ணில் அது படவில்லை. வரைந்த என் கண்ணில் பட்டது. வரைந்து கொடுத்துவிட்டேன்.

தெருக்கள் இணைந்திருக்கின்றன என்றால் என்ன என்பதை ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். சதுரம் சதுரமாகத் தெருக்கள் ஓடும் ஒரு பகுதியில் 4 கட்டங்கள் கிழக்கேயும் 4 கட்டங்கள் வடக்கேயும் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிகூடச் சுற்றாமல் போவதற்கு 70 வழிகள் இருக்கின்றன. 5-க்கு 5 என்றால் 252 வழிகள். அதே வீடுகளை, அதே அளவு நிலத்தில், அடிமரமும் கிளைகளும் சிறு கிளைகளுமாக அமைத்தால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இருப்பது ஒரே ஒரு வழி. அந்த ஒரு வழியில் குழாய் உடைந்து பள்ளம் தோண்டினால், மரம் விழுந்தால், லாரி பழுதாகி நின்றால், அதற்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இதை எண்ணாகவும் சொல்லலாம். சந்திப்புகளையும் தெரு முடியும் இடங்களையும் புள்ளிகளாக எண்ணுங்கள்; ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையிலுள்ள தெருத்துண்டுகளை இணைப்புகளாக எண்ணுங்கள். 10-க்கு 10 என்று 100 சந்திப்புகள் கொண்ட சதுர வலையில் 180 இணைப்புகள் இருக்கும், விகிதம் 1.8. கிளைகளாகப் பிரிந்துகொண்டே போகும் அமைப்பில் 100 புள்ளிகளுக்கு 99 இணைப்புகளுக்கு மேல் இருக்கவே முடியாது. ஒரு புள்ளியில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன என்று பார்ப்பது இன்னொரு கணக்கு. அதற்குத் தமிழிலேயே பெயர்கள் இருக்கின்றன: முட்டுச் சந்தில் ஒன்று, முச்சந்தியில் மூன்று, நாற்சந்தியில் நான்கு. ஒரு பகுதியின் எல்லாப் புள்ளிகளுக்கும் இதன் சராசரியைப் போட்டால், அந்தப் பகுதி வலையா கிளையா என்பது தெரிந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த மென்பொருள் வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் இன்று சேர்ந்த இளநிலை வரைவாளர் அரை மணி நேரத்தில் எண்ணிவிடுவார்.

முட்டுச் சந்து என்றாலே குற்றம் என்று நான் சொல்லவில்லை. வளர்கிற எந்த நகரத்திலும் ஓரத்துத் தெருக்கள் எங்காவது முடிந்துதான் தீரும். இத்தாலியில் மிலான் நகருக்கு வடக்கே உள்ள ஒரு பெரிய பரப்பில், 1833 முதல் 2007 வரையிலான பழைய வரைபடங்களைக் கொண்டு சாலைகளின் வளர்ச்சியை ஆராய்ந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த வளர்ச்சியை இரண்டே செயல்கள் நடத்துகின்றன என்பது அதன் முடிவு. ஒன்று, வெட்டவெளிக்குள் ஒரு சாலை நீண்டு புதிய இடத்தைத் திறப்பது. மற்றது, ஏற்கெனவே ஊர் இருக்கும் இடத்தில் இடைவெளிகளைக் குறுக்குத் தெருக்கள் நிரப்புவது. முக்கியமான பழைய பாதைகளோ இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த வட்டாரத்தின் முதுகெலும்பாகவே இருக்கின்றன. வரைபடக்காரனாக நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. வெளியே நீண்டு தொங்கிக்கொண்டிருக்கும் தெருமுனை ஒரு குருத்து. அடுத்துப் பிறக்கும் தெரு அதைப் பிடித்துக்கொண்டால் வலை வளர்கிறது. நாமோ குருத்தின் நுனியில் மதில் கட்டுகிறோம். அதுவும் முத்திரையிட்டு, கையெழுத்துப் போட்டு.

தெருக்களை முட்டுச் சந்துகளாக முடித்துவிடும் இந்தப் பழக்கம் தானாக வந்ததில்லை. 1906-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் லண்டனின் ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகருக்கென்று ஒரு தனிச் சட்டம் இயற்றி, வழக்கமான அகல விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்துக் குறுகிய முட்டுச் சந்துகளை அனுமதித்தது. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் ராட்பர்ன் என்ற குடியிருப்பை வடிவமைத்தார்கள். கார்கள் வீட்டின் ஒருபுறம் முட்டுச் சந்தில் வந்து நிற்கும். மறுபுறம் நடைபாதைகள் பூங்கா வழியாக ஓடும். பெரிய சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் சுரங்கப்பாதை. ஒரு குழந்தை கார் ஓடும் சாலையைத் தொடாமல் பள்ளிக்குப் போக முடியும். 1930-களில் வீட்டுக்கடன்களுக்கு உத்தரவாதம் தந்த அமெரிக்கக் கூட்டரசு அமைப்பு, சதுரக் கட்டத் தெருக்களை ஒதுக்கி முட்டுச் சந்துகளைப் பரிந்துரைத்துக் கையேடுகள் வெளியிட்டது. கடன் உத்தரவாதம் வேண்டும் என்றவர்கள் அதன்படி வரைந்தார்கள். பிறகு உலகம் முழுவதும் நகலெடுத்தவர்கள் ராட்பர்னின் முட்டுச் சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மறுபக்கத்து நடைபாதையை விட்டுவிட்டார்கள். பாதி வடிவமைப்புதான் நம் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பாதியைத்தான் நானும் இருபது ஆண்டுகள் வரைந்தேன்.

அதன் விளைவை இப்போது அளந்து பார்த்திருக்கிறார்கள். கிறிஸ்டஃபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்டு-பால் என்ற இரு ஆய்வாளர்கள் 1920 முதல் 2012 வரை அமெரிக்காவில் போடப்பட்ட தெருக்களை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சொந்தக் கார் பரவலாவதற்கு முன்பே தெருக்கள் துண்டிக்கப்படத் தொடங்கிவிட்டன. அந்தப் போக்கு 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. அதன்பின் புதிய தெருக்கள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று இணையத் தொடங்கின. இணைப்பை ஊக்குவிக்கும் விதிகள் இருந்த ஊர்களில் முன்னேற்றம் அதிகம். காரைக் காரணம் காட்டிக் கைவிரிக்கும் போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது. கார் பரவுவதற்கு முன்பே தொடங்கிய போக்கு, கார் இருக்கும்போதே திசை மாறவும் செய்தது. அப்படி மாற்றியதில் விதிகளுக்கும் பங்கு இருந்திருக்கிறது என்றே அவர்கள் சான்றுகள் காட்டுகின்றன.

அதே இருவரும் 2020-இல் உலகம் முழுவதற்கும் அந்தக் கணக்கைப் போட்டார்கள். மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 விழுக்காட்டு நாடுகளில், 1975-க்குப் பிறகு புதிதாக உருவான பகுதிகளின் தெருக்கள் முன்பைவிடக் குறைவாகவே இணைந்திருக்கின்றன. 2000-க்குப் பிறகு நிலைமை மேம்பட்டு வருவது 29 விழுக்காட்டு நாடுகளில் மட்டுமே. மதில் சூழ்ந்து ஒற்றை வாயில் வைத்த குடியிருப்புகளுக்கே உரிய, சுற்றிச் சுற்றிப் போகும் தெரு அமைப்பின் பங்கு இந்தக் காலத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறார்கள். தொடக்கத்தில் இணைப்பு குறைந்திருந்த இடங்களில் பின்னர் வந்த தெருக்களும் பெரும்பாலும் அப்படியே அமைந்தன.

ஒருமுறை போட்ட தெரு எளிதில் மாறுவதில்லை. 1666-இல் லண்டன் எரிந்தபோது மதில்களுக்கு உட்பட்ட பழைய நகரத்தின் பெரும்பகுதி சாம்பலானது. சில நாட்களுக்குள்ளேயே கட்டடக் கலைஞர் கிறிஸ்டஃபர் ரென் நேரான அகலத் தெருக்களும் வட்டச் சதுக்கங்களும் கொண்ட ஒரு திட்டத்தை மன்னரிடம் கொடுத்தார். சில தெருக்களை அகலப்படுத்தியதோடு சரி. நகரம் பெரும்பாலும் பழைய தெருக்கோடுகளிலேயே எழுந்தது. வீடு எரிந்தாலும் நிலத்தின் எல்லைக்கோடு எரிவதில்லை. ஆயிரக்கணக்கான உரிமையாளர்களின் கோடுகளை மாற்றி வரைய யாராலும் முடியவில்லை. 1906-இல் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்த சான் பிரான்சிஸ்கோவுக்கும் புதிய தெருத்திட்டம் ஒன்று கையிருப்பில் இருந்தது. அங்கேயும் பழைய தெருக்கள்தான் திரும்பி வந்தன. ஒரு கட்டடத்துக்கு நீங்கள் தரும் ஒப்புதல் அந்தக் கட்டடம் நிற்கும்வரை. ஒரு தெருவுக்குத் தரும் ஒப்புதல் தீயையும் நிலநடுக்கத்தையும் தாண்டி நிற்கும். உங்கள் கையெழுத்துகளில் மிக நீண்ட ஆயுள் கொண்டது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

துண்டிக்கப்பட்ட தெருவுக்கான செலவு யார் கணக்கிலும் தனியாக எழுதப்படுவதில்லை. பல துறைகளின் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது. வட கரோலினாவின் ஷார்லட் நகரில் தீயணைப்புத் துறையினர் தங்கள் நிலையங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தெருக்கள் நன்றாக இணைந்த பகுதியில் இருக்கும் நிலையம் அதே நேரத்துக்குள் மிக அதிகமான வீடுகளை எட்டுகிறது. அதனால் ஒரு வீட்டுக்கு ஆகும் ஆண்டுச் செலவும் குறைகிறது. துண்டு துண்டான பகுதியில் அதே பாதுகாப்பைத் தர இன்னொரு நிலையம் கட்ட வேண்டும், இன்னொரு வண்டி வாங்க வேண்டும், இன்னும் சிலரை வேலைக்கு வைக்க வேண்டும். அந்தச் செலவு மனை விற்றவருடையது ஆகாது.

குடிநீர்க் குழாய் தெருவைப் பின்தொடர்ந்துதான் போகிறது. தெரு முட்டினால் குழாயும் முட்டும். வளையமாக இணைந்த குழாயில் தண்ணீர் இரு பக்கமிருந்தும் வரும்; ஓரிடத்தில் உடைந்தால் மறுபக்கமிருந்து கொடுக்கலாம். முட்டிய குழாயின் கடைசியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும், கிருமிநாசினியின் வீரியம் குறையும், வண்டல் படியும். ஊழியர்கள் அவ்வப்போது வந்து திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். குப்பை வண்டி ஒவ்வொரு முட்டுச் சந்திலும் பின்னோக்கி வர வேண்டும், அதுவும் குழந்தைகள் விளையாடும் தெருவில். பஸ் உள்ளே வரவே முடியாது. பெருஞ்சாலையில்தான் நிற்கும். பறவை பறக்கும் தூரத்தில் 400 மீட்டரில் இருக்கும் நிறுத்தத்துக்கு ஒரு மூதாட்டி ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தால் அவர் பஸ்ஸைத் தேட மாட்டார். யாராவது வண்டியில் கொண்டுபோய் விடட்டும் என்று வீட்டில் காத்திருப்பார்.

2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரத்தைக் காட்டுத்தீ சூழ்ந்தது. மலைமுகட்டில் அமைந்த ஊர். வெளியேறும் சாலைகள் மிகச் சில. உள்ளே முட்டுச் சந்துகள் நிறைய. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் அந்தச் சில சாலைகளுக்கு வந்தது. கார்கள் நகரவில்லை. சிலர் வண்டிகளை விட்டு இறங்கி ஓடினார்கள். அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். காற்று, வறட்சி, தீ பரவிய வேகம் என்று அதற்குக் காரணங்கள் பல; தெருவின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. ஆனால் 30 வீடுகளுக்கு மேல் இருந்தால் இரண்டாவது வழி வேண்டும் என்று பன்னாட்டுத் தீத்தடுப்பு விதித்தொகுப்பின் பின்னிணைப்பில் எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம், நான் வரைந்த ஒற்றை வாயில் மனைப்பிரிவுகளின் வீட்டுக்கணக்கு எனக்கு நினைவுக்கு வருகிறது.

இனி எதிர்ப்புக்கு வருகிறேன். மதிலைத் திறக்கலாம் என்று சொன்னவுடன் அங்கே குடியிருப்பவர்கள்தான் முதலில் வேண்டாம் என்பார்கள். எங்கள் தெரு அமைதியாக இருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், திறந்துவிட்டால் ஊர் வண்டியெல்லாம் இதற்குள் வரும் என்பார்கள். இது சுயநலம் என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் சொல்வது உண்மை: ஒரே ஒரு தெருவை மட்டும் திறந்தால், வேறு குறுக்கு வழியே இல்லாத வட்டாரம் முழுவதும் அந்த ஒன்றுக்குள் புகுந்துவிடும். அது திறந்ததன் குற்றமாகாது. மற்ற எல்லாம் மூடியிருப்பதன் குற்றம். பத்துத் தெருக்கள் திறந்திருந்தால் பத்திலும் கொஞ்சம் கொஞ்சம்தான் வரும். இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் தெருவில் ஓடாத வண்டி மறைந்துவிடுவதில்லை. பெருஞ்சாலை ஓரத்தில் வீடு வைத்திருப்பவரின் சன்னலுக்கு முன்னால் ஓடுகிறது. கலிஃபோர்னியாவின் 24 நகரங்களை வெஸ்லி மார்ஷல், நார்மன் காரிக் என்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, சந்திப்புகள் நெருக்கமாக இருந்த பழைய தெருவலைகளில் விபத்து மரணங்கள் குறைவாகவும், சந்திப்புகள் அருகிய புதிய அமைப்புகளில் அதிகமாகவும் இருந்தன. வண்டி வேகமெடுக்க இடம் தருவது நீண்ட, குறுக்கே எதுவும் வராத சாலை. உள்ளே அமைதியாக உறங்கும் பிள்ளை, பள்ளிக்குப் போகும்போது அந்தச் சாலையில்தான் நடக்கிறது.

காருக்குத் திறக்க மனமில்லையென்றால் காலுக்காவது திறந்துவிடுங்கள். நெதர்லாந்தின் ஹவுட்டன் நகரில் கார்கள் ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சுற்றுச்சாலைக்கு வந்து சுற்றித்தான் போக வேண்டும். சைக்கிளும் நடப்பவரும் ஊரின் நடுவாக நேரே போய்விடலாம். நடுவில் இரண்டு தடுப்புக் கம்பங்கள் நட்டால் போதும்: வண்டி வராது, அந்தச் சிறுமி போவாள், தள்ளுநாற்காலி போகும், குழாய் போகும். திறப்பு போதிய அகலமாக இருந்தால், அவசர காலத்தில் கம்பத்தைக் கழற்றிவிட்டுத் தீயணைப்பு வண்டியும் போகலாம். நான் பார்த்த மதிலில் நடப்பவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடியது ஆறடி அகலத் திறப்பு. தாளில் வரைந்தால் ஒரு கடுகளவு இடைவெளி.

சதுரக் கட்டங்கள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடும் நான் சேரவில்லை. மேடு பள்ளமும் ஓடையும் உள்ள நிலத்தில் கட்டம் போட்டால் மண்ணை வெட்டியும் நிரப்பியும் நிலத்தைக் கெடுத்துவிடுவோம். வளைந்த தெருவும் இணையலாம், நேரான தெருவும் மதிலில் முட்டலாம். சாலையை அகலமாக்கினால் இணைப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. ஆறு வழிச் சாலை ஒன்று இருபுறத்தையும் ஆறுபோலப் பிரித்துவிடும். சீன அரசு பல பத்தாண்டுகள் மாபெரும் கட்டங்களும் மிக அகலமான சாலைகளுமாக நகரங்களைக் கட்டிவிட்டு, 2016-இல் குறுகிய சாலைகளும் அடர்ந்த தெருவலையும் வேண்டும் என்று வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. மதில் சூழ்ந்த புதிய குடியிருப்பு வளாகங்களைப் பொதுவாக இனிக் கட்டக் கூடாது என்றும் சொன்னது. கட்டி முடித்த பிறகு மாற்றிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை அங்கே எழுந்த எதிர்ப்பே காட்டியது.

விதி எப்படி இருக்கலாம் என்பதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் வட்டாரத்தின் விதி, புதிய பகுதிகளில் முழுத்தெரு இணைப்புகளுக்கு இடையே 530 அடிக்கு மேல் இடைவெளி கூடாது என்கிறது. முழுத்தெரு முடியாத இடத்தில் 330 அடிக்கு ஒருமுறை நடைபாதையோ சைக்கிள் பாதையோ வேண்டும். வர்ஜீனியா மாநிலம் 2009-இல் வேறு வழியில் போனது. சுற்றுப்புறத்தோடு போதுமான இணைப்பு இல்லாத புதிய தெருக்களை அரசு பராமரிப்புக்கு ஏற்காது என்று அறிவித்தது. பின்னர் அந்த விதிகளைத் தளர்த்திவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம். தெருவைக் காலமெல்லாம் செப்பனிடப்போவது பொதுப்பணம் என்றால், அந்தத் தெரு பொதுமக்களுக்கு வழியாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? நான் மேலே சொன்ன புள்ளி-இணைப்பு விகிதத்தை மட்டும் விதியாக வைத்துவிடாதீர்கள். என்னைப் போன்ற வரைவாளர்கள் எல்லைக்குள்ளேயே வளையம் வளையமாக வரைந்து விகிதத்தைக் காட்டிவிடுவோம். வெளியே போக அப்போதும் ஒரு வாயில்தான் இருக்கும். எல்லைக்கோட்டை எத்தனை தெருக்கள் தாண்டுகின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணுங்கள்.

இன்னும் மனை விழாத நிலங்களில் உங்களுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. நியூயார்க்கில் 1811-இல் மூன்று ஆணையர்கள் மன்ஹாட்டன் தீவின் மேல் 155-ஆம் தெருவரை கோடு போட்டபோது நகரம் தீவின் தென்முனையில் ஒடுங்கியிருந்தது. கோடு விழுந்தவை பெரும்பாலும் பண்ணைகளும் குன்றுகளும். பார்சிலோனாவுக்குப் பொறியாளர் இல்டஃபோன்ஸ் செர்தா 1859-இல் தந்த விரிவாக்கத் திட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் 113 மீட்டர் அளவு, நான்கு மூலைகளும் வெட்டிவிடப்பட்டு ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சிறு சதுக்கமாகத் திறந்திருக்கும். இரண்டிலும் கட்டடங்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன, தெரு அப்படியே இருக்கிறது. நம் காலத்தில் ஷ்லோமோ ஏஞ்சல் என்ற நகரவியலாளர் சொல்வது இதைவிட எளிமையானது: நகரம் விரியப்போகும் நிலத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக முதன்மைச் சாலைகளுக்கு வேண்டிய நிலப்பட்டைகளை மட்டும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்; சாலையை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் சில நகரங்கள் இதில் இறங்கின. உள்ளே நுண்ணிய தெருக்களுக்கு ஐ.நா. வாழிட அமைப்பு ஓர் அளவுகோல் தந்திருக்கிறது: நிலத்தில் குறைந்தது 30 விழுக்காடு தெருக்களுக்கு, ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 18 கிலோமீட்டர் தெரு. உங்கள் நகரத்தின் கடைசி ஐந்து ஆண்டு ஒப்புதல்களை இந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாளை காலை உங்கள் மேசைக்கு அடுத்த கோப்பு வரும். அதைப் பிரித்ததும் பக்கத்து நிலங்களுக்கு முன்பு தந்த ஒப்புதல் வரைபடங்களையும் எடுத்து வரச் சொல்லி, ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரு தாள்களிலும் நேருக்கு நேர் வந்து நிற்கும் தெருமுனைகள் இருந்தால் இணைக்கச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். பக்கத்தில் இன்னும் வெறும் நிலமாக இருந்தால், தெருவை எல்லைவரை கொண்டுவந்து, கடைசி அங்குலம்வரை பொதுப்பெயருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த முனையில் "இந்தத் தெரு பின்னர் நீட்டிக்கப்படும்" என்று ஒரு பலகை நடச் சொல்லுங்கள். மனை வாங்குபவருக்கு முதல் நாளே தெரிந்தால் பின்னால் சண்டை வராது. எல்லைக்கோட்டை ஒட்டி இன்னொரு மெல்லிய கோடு தெரிகிறதா என்று ஒரு பூதக்கண்ணாடி வைத்தாவது பாருங்கள். தெரிந்தால், அதை வரைந்தவரைக் கூப்பிட்டு எதற்கு என்று கேளுங்கள். என்னை யாராவது கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

அந்த மதில் இன்னும் இருக்கிறது. அங்கே ஆறடித் திறப்பு வேண்டும் என்று கேட்டு, இரண்டு மனைப்பிரிவுகளின் வரைபடங்களையும் ஒரே தாளில் சேர்த்து வரைந்து, உரிய அலுவலகத்துக்கு மனுவோடு அனுப்பியிருக்கிறேன். தடுப்புக் கம்பங்கள் நிற்க வேண்டிய இடத்தையும் குறித்திருக்கிறேன்.

மரியாதையுடன்,
மனைப்பிரிவு வரைபடங்கள் வரைந்த ஒருவன்